சிறு நூலகத்தின் நூற்பட்டியலை இணையத்தில் ஏற்றுதல்: எந்தக் கருவியை முதலில் கற்பது?

கிளை_நூலகர்

அனைவருக்கும் வணக்கம். திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு கிளை நூலகத்தின் பொறுப்பில் இருக்கிறேன். ஆறாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட நூல்கள், ஒரு பழைய கணினி, மழைக்காலத்தில் விட்டுவிட்டு வரும் இணைய இணைப்பு, இவையே எங்கள் வசதிகள். நூல்கள் பற்றிய விவரங்கள் அனைத்தும் இன்றும் சேர்க்கைப் பதிவேட்டில்தான் உள்ளன. நாள், சேர்க்கை எண், ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு, பக்கம், விலை, பெற்ற வழி, நீக்கம் என்று கட்டம் போட்ட தடித்த பேரேடு அது. முன்பு இருந்தவர்களின் கையெழுத்து அழகானது என்பதால் படிப்பதில் சிரமம் இல்லை, தேடுவதில்தான் சிரமம்.

அண்மையில் ஒரு பயிற்சி முகாமுக்கு அனுப்பப்பட்டேன். கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருள், வலைப்பூ, கூகுள் படிவம், க்யூஆர் குறி, மேகச் சேமிப்பு, டெலிகிராம் அலைவரிசை என்று பல கருவிகளை அறிமுகப்படுத்தினார்கள். ஆனால் அவற்றுள் ஒன்றிலாவது ஒரு தமிழ் நூலின் விவரத்தைத் தமிழிலேயே ஏற்றி, தேடி, எடுத்துக் காட்டவில்லை. எல்லா எடுத்துக்காட்டுகளும் ஆங்கிலப் பாடநூல்களாகவே இருந்தன. எங்கள் வாசகர்களில் பெரும்பாலோர் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும் நாவல் படிக்கும் பெரியவர்களும்தான். "அந்தப் புத்தகம் உள்ளே இருக்கிறதா, வெளியே போயிருக்கிறதா?" என்பதே அவர்கள் தொலைபேசியில் கேட்கும் கேள்வி. அதற்கு விடை சொல்ல வேண்டுமானால் நான் எதிலிருந்து தொடங்க வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.


கல்லூரி_நூலகம்

வணக்கம் அம்மா. தயங்காமல் கோஹாவிலேயே தொடங்குங்கள் என்பது என் கருத்து. அது பெரிய பல்கலைக்கழகங்களுக்கு உரியது என்ற எண்ணம் நம்மிடையே பரவியிருக்கிறது. அதன் பிறப்பை அறிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். நியூசிலாந்தில் லெவின் என்ற சிற்றூரை மையமாகக் கொண்டு இயங்கும் ஹொரோவெனுவா நூலக அறக்கட்டளை, தன்னிடமிருந்த பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டு பிறந்ததும் செயலிழந்துவிடும் என்ற நிலையில், கட்டீப்போ என்ற நிறுவனத்தைக் கொண்டு 1999இல் எழுதச் செய்த மென்பொருள்தான் அது. கிளைகளைச் சாதாரணத் தொலைபேசிக் கம்பி வழியாகவே இணைக்க வேண்டியிருந்ததால், உலாவியிலேயே இயங்குமாறு அதை அமைத்தார்கள். 2000 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. பிறகு ஜிபிஎல் உரிமத்தில் எல்லாருக்கும் பொதுவாக வெளியிடப்பட்டது. நீங்கள் சொல்லும் நிலைமைக்கும் அவர்களுடைய நிலைமைக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

உங்கள் வாசகர் கேட்கும் கேள்விக்கு விடையளிப்பதும் அந்த மென்பொருளின் பொதுத்தேடல் பக்கம்தான். நூல் அடுக்கில் இருக்கிறதா, இரவலில் இருக்கிறதா, எந்த நாளில் திரும்பும் என்பதை அவர் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். வலைப்பூவும் டெலிகிராமும் அறிவிப்புப் பலகைகள். அவற்றால் இந்தப் பணியைச் செய்ய முடியாது.


ஓய்வு_நூலகர்

கல்லூரி நண்பர் சொல்வதில் வரலாறு சரி. ஆனால் கோஹா இயங்க லினக்ஸ் கணினி ஒன்று வேண்டும், அதில் தரவுத்தளம் வேண்டும், அன்றாடம் காப்புநகல் எடுக்க வேண்டும், புதிய பதிப்பு வரும்போது மாற்றியமைக்க வேண்டும். கல்லூரியில் அதற்குக் கணினித் துறை இருக்கிறது. கிளை நூலகத்தில் யார் இருக்கிறார்கள்? நூலகரே திறக்கிறார், அவரே கூட்டுகிறார், அவரே நாளிதழ்களைக் கோக்கிறார், அவரே பூட்டுகிறார். மூன்று ஆண்டுகளில் அவருக்கு இடமாறுதல் வந்தால் அடுத்து வருபவருக்குக் கடவுச்சொல் கூடத் தெரியாமல் போகும்.

நான் பணியிலிருந்தபோது ஒரு தனியார் நிறுவனத்தின் மென்பொருளை வாங்கி எங்கள் நூலகத்தில் பொருத்தினார்கள். சில ஆண்டுகளில் அந்த நிறுவனமே இல்லாமல் போயிற்று. ஏற்றிய விவரங்களை வேறு வடிவில் வெளியே எடுக்கும் வசதி அதில் இல்லை என்பது அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. கணினி பழுதானதும் மீண்டும் சேர்க்கைப் பதிவேட்டுக்கே திரும்பினோம். பெரிய நிறுவனங்களின் இலவசச் சேவைகளும் இதற்கு விலக்கல்ல. இலவசமாக வலைப்பக்கம் அமைக்க இடமளித்த ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டது. யாஹூ குழுமங்கள் 2020இல் மூடப்பட்டன. தமிழ் இணையத்தின் தொடக்க காலத்து உரையாடல்களில் எவ்வளவோ அவற்றோடு போயின.

ஆகவே அம்மா, எந்தக் கருவியைக் கற்பது என்பதை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். எந்தக் கருவிக்கும் கொண்டுசெல்லக்கூடிய ஒரு பட்டியலை உருவாக்குங்கள். லிப்ரெ ஆபிஸ், கூகுள் தாள், எக்செல் எதுவானாலும் சரி, ஒரு விரிதாள் போதும். நெடுவரிசைகளைச் சரியாகப் பிரித்துவிட்டால் பிற்காலத்தில் கோஹாவுக்கும் ஏற்றலாம், தேசியத் தகவலியல் மையத்தின் நூலக மென்பொருளான இ-கிரந்தாலயாவுக்கும் ஏற்றலாம்.

நெடுவரிசை பிரிப்பதில் நாம் வழக்கமாக இடறும் இடம் ஆசிரியர் பெயர். ஆங்கில நூல்களுக்குக் குடும்பப் பெயரை முன்னால் எழுதும் முறை நமக்குப் பொருந்தாது. நம் பெயருக்கு முன் நிற்பது தலைப்பெழுத்து. அதை அப்படியே ஏற்றினால், பட்டியலை அகர வரிசையில் அடுக்கும்போது ஆசிரியர்கள் தங்கள் தந்தையின் முதலெழுத்தில் போய் நிற்பார்கள். 'விருத்தாசலம், சொ.' என்று இயற்பெயரை முன்னிறுத்தி எழுதுங்கள். அவரே புதுமைப்பித்தன் என்பதால், நூலின் முகப்பில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதை ஒரு நெடுவரிசையிலும், எல்லா நூல்களுக்கும் பொதுவாக நீங்கள் தேர்ந்துகொண்ட ஒரே பெயரை மற்றொரு நெடுவரிசையிலும் இடுங்கள். இல்லையேல் ஒரே எழுத்தாளர் இரண்டு பேராகப் பிரிந்துவிடுவார்.


கல்லூரி_நூலகம்

ஐயா சொல்லும் இடமாறுதல் சிக்கலை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு கிளையும் தனித்தனியே கோஹாவை நிறுவ வேண்டியதில்லை. ஒரே நிறுவலில் பல கிளைகள் இயங்க முடியும். ஹொரோவெனுவாவிலும் அதுதான் நடந்தது. அந்த வாய்ப்பு வரும்போது விரிதாளில் பழகியவர், நூல் விவரங்களைக் கணினியில் பதியும் மார்க் 21 என்ற வடிவத்தைக் கண்டு மிரளக்கூடாது என்பதே என் கவலை.


கிளை_நூலகர்

இருவருக்கும் நன்றி. விரிதாளில் தொடங்கலாம் என்றே எனக்கும் தோன்றுகிறது. ஆனால் ஆறாயிரம் நூல்களையும் தட்டச்சு செய்தாக வேண்டுமா? நூலின் பின்னட்டையில் உள்ள ஐஎஸ்பிஎன் எண்ணை அலைபேசியால் படம்பிடித்தால் மற்ற விவரங்கள் தாமாக வந்து விழும் என்று பயிற்சியில் சொன்னார்கள். அது தமிழ் நூல்களுக்கும் பயன்படுமா?


கல்லூரி_நூலகம்

ஓரளவுதான் பயன்படும். பழைய தமிழ் நூல்கள் பலவற்றில் ஐஎஸ்பிஎன் எண்ணே இருக்காது. எண் இருக்கும் நூல்களுக்கும், அமெரிக்கக் காங்கிரசு நூலகம் போன்ற இடங்களிலிருந்து பதிவை இறக்கினால், தலைப்பு பெரும்பாலும் ரோமன் எழுத்தில் வரும். ழகரத்துக்கும் றகரத்துக்கும் னகரத்துக்கும் அடிக்கோடு, ளகரத்துக்குக் கீழ்ப்புள்ளி, நெடிலுக்கு மேல்கோடு என்று துல்லியமான ஒலிபெயர்ப்பு முறை அது. திருக்குறளைத் தேடும் வாசகர் றகரத்தின் கீழே கோடிட்டுத் தட்டச்சு செய்யப்போவதில்லை. அந்தப் பதிவிலிருந்து பதிப்பாண்டு, பக்க எண்ணிக்கை, பகுப்பு எண் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, தலைப்பையும் ஆசிரியரையும் தமிழில் நீங்களே இட வேண்டியிருக்கும். பகுப்பு எண்ணிலும் ஒன்றைக் கவனியுங்கள். டூயி முறையில் தமிழ் இலக்கியம் முழுவதும் 894.811இல் அடங்கிவிடுகிறது, நாவலும் சிறுகதையும் 894.8113. உங்கள் அடுக்குகளில் பாதி அந்த ஒரே எண்ணைத் தாங்கி நிற்கும் என்பதால், அதன் பின்னால் ஆசிரியர் குறியையும் சேர்த்தால்தான் நூலைத் தேடி எடுக்க முடியும்.


நிரலர்_குமரி

நான் நூலகர் அல்லன்; ஊர் நூலகம் ஒன்றின் பட்டியலைச் செப்பனிட்டுக் கொடுத்த நிரலர். தட்டச்சைத் தொடங்கும் முன்பே தீர்மானிக்க வேண்டிய சிலவற்றைச் சொல்கிறேன். பிறகு திருத்துவது மிகவும் கடினம்.

முதலாவது, ஒருங்குறியில் (யூனிகோடு) மட்டும் தட்டச்சு செய்யுங்கள். வானவில், பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகத் தெரியும். எந்த இணையக் கருவியும் அவற்றைத் தேடித் தராது. தமிழ்நாடு அரசு 2010இலேயே ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் அலுவலகங்களில் பழைய பழக்கம் முற்றிலும் போகவில்லை. விசைப்பலகை தமிழ்99 ஆனாலும் ஒலிபெயர்ப்பு ஆனாலும் அது உங்கள் விரல்களின் வசதி.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத எழுத்துப் பிழைகள். 'கொ' என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் ஒரே குறியாக இடலாம். முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு கால் என இரண்டு குறிகளாகவும் இடலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், கணினிக்கு வேறுவேறு. இவற்றை ஒருமைப்படுத்தாத தேடுபொறியில் 'கொற்கை' என்று தேடினால் பாதி நூல்கள் வரும், மீதி வராது. இதைவிடப் பெரிய தொல்லை ஔகாரம். 'ஔவையார்' என்பதை ஔகார உயிரெழுத்தாக இடாமல் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து அடித்து 'ஒளவையார்' என்று எழுதிவிடுவார்கள். முதல் பிழையை ஒருங்குறி இயல்பாக்கம் தானாகவே சரிசெய்துவிடும்; இரண்டாவதைச் சரிசெய்யாது, ஏனென்றால் 'ஒளி' என்ற சொல்லும் அதே எழுத்துகளில்தான் தொடங்குகிறது. நான் செப்பனிட்ட பட்டியலில் ஔவையார் இப்படித்தான் இரு வேறு பேராக இருந்தார்.

மூன்றாவது, அகர வரிசை. ஒருங்குறியின் குறியீட்டு எண் வரிசையில் னகரம் நகரத்தை அடுத்து வருகிறது. றகரம் ரகரத்தை அடுத்து வருகிறது. ளகரமும் ழகரமும் வகரத்துக்கு முன்னால் நிற்கின்றன. ஆகவே எண் வரிசையை மட்டும் பார்த்து அடுக்கும் நிரலில் களவழி, கழனி, கவிதை என்று வரும். நம் நெடுங்கணக்கின்படி கவிதை, கழனி, களவழி என்று வர வேண்டும். தமிழ் மொழி அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் சரியாக அடுக்கும் மென்பொருள்கள் உண்டு. பட்டியலை அச்சிட்டுச் சுவரில் ஒட்டும் முன் இந்த மூன்று சொற்களையும் ஒரு தாளில் இட்டு அடுக்கிப் பாருங்கள். உங்கள் மென்பொருள் எந்த வகை என்பது தெரிந்துவிடும்.

கோஹாவுக்குச் செல்பவர்களுக்கும் ஒரு சொல். அதன் தேடல் அட்டவணையை ஜீப்ரா என்ற தேடுபொறி உருவாக்குகிறது என்றால், நிறுவும்போது ஐசியு என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ரோமன் அல்லாத எழுத்துகளுக்கு அதுதான் உகந்தது. இதைச் செய்யாமல் நிறுவிவிட்டு "கோஹாவில் தமிழ்த் தேடல் சரியில்லை" என்று குறைகூறுவோர் பலர்.

இறுதியாக, விரிதாளைச் சிஎஸ்வி கோப்பாக யுடிஎஃப்-8 குறிமுறையில் சேமித்து வையுங்கள். அதை எக்செல்லில் நேரடியாக இரட்டைச் சொடுக்கில் திறந்தால் தமிழ் முழுவதும் ஐரோப்பிய எழுத்துக் குவியலாகத் தெரியக்கூடும். கோப்பு கெட்டுவிடவில்லை, அஞ்ச வேண்டாம். சேமிக்காமல் மூடிவிட்டு, இறக்குமதி வழியாகக் குறிமுறையைச் சுட்டித் திறங்கள். ஐஎஸ்பிஎன் நெடுவரிசையை முன்கூட்டியே 'உரை' என்று குறித்துவிடுங்கள். இல்லையேல் 13 இலக்க எண் அடுக்குக்குறியாகச் சுருங்கிவிடும். பழைய 10 இலக்க எண்களின் முன்னால் உள்ள சுழியம் காணாமல் போகும்.


யாழ்_வாசகசாலை

வணக்கம். இலங்கையிலிருந்து எழுதுகிறேன், பிரதேச சபை நூலகம் ஒன்றில் பணியாற்றுகிறேன். மேலே சொல்லப்பட்ட ஔகாரச் சிக்கல் எங்களுக்கும் பொதுவானது. பாமினியில் தட்டச்சு செய்த கோப்புகள் இங்கே இன்றைக்கும் மலைபோல் கிடக்கின்றன.

சிறு நூலகத்தின் உண்மையான செல்வம் எது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து. கடைகளில் கிடைக்கும் நாவல் வேறு நூறு நூலகங்களில் இருக்கும். அந்த ஊர்ப் பாடசாலையின் நூற்றாண்டு மலர், கோயில் குடமுழுக்கு மலர், சனசமூக நிலையத்தின் ஆண்டு மலர் ஆகியவை உங்களிடம் மட்டுமே இருக்கும். 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணைய எண்ணிம நூலகத் திட்டம் இத்தகையவற்றைத்தான் கவனமாகச் சேர்த்து வருகிறது. இறந்தவர்களுக்காக வெளியிடப்படும் நினைவு மலர்கள் கூட அங்கே எண்ணிமப்படுத்தப்பட்டுள்ளன. ஒரு குடும்பத்தின் துக்கத்துக்காக அச்சிடப்பட்ட சிறு வெளியீட்டில் அந்த ஊரின் வம்சாவளியும் பழைய பாடல்களும் இருக்கும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட பிறகு, ஒரே பிரதி ஒரே கட்டடத்தில் இருப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதை எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 'நூலகம்' திட்டத்தின் தளம் மீடியாவிக்கி என்ற மென்பொருளில் இயங்குகிறது. விக்கிப்பீடியாவை இயக்குவதும் அதுவே. ஆகவே தமிழ் விக்கிப்பீடியாவில் தொகுத்துப் பழகியவருக்கு அதன் பக்கங்கள் புதிதாகத் தோன்றாது.

ஆகவே அம்மாவின் விரிதாளில் 'உள்ளூர் வெளியீடு' என்று ஒரு நெடுவரிசை இருக்கட்டும். வருடிப் படமெடுப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எவை உள்ளன என்ற பட்டியலாவது முதலில் வெளியே வர வேண்டும்.


ஓய்வு_நூலகர்

நல்ல யோசனை, ஐயா. வருடும் நிலை வரும்போது பதிப்புரிமையையும் பார்க்க வேண்டும். இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரையும், இலங்கையில் 70 ஆண்டுகள் வரையும் உரிமை நீடிக்கிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, வணிக நோக்கமற்ற பொது நூலகம் தன்னிடம் அச்சுப் பிரதி உள்ள நூலைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமித்துக்கொள்ள இந்தியச் சட்டம் இடமளிக்கிறது. சேமிப்பது வேறு, இணையத்தில் எல்லாருக்கும் திறந்துவிடுவது வேறு. இரண்டாவதற்கு உரிமையாளரின் ஒப்புதல் வேண்டும்.

நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களை நீங்கள் வருடவே வேண்டாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் தமிழ் விக்கிமூலத்திலும் ஏராளமாக உள்ளன. உங்கள் பிரதி இரவலில் போயிருக்கும்போது வாசகர் அங்கே படித்துக்கொள்ளுமாறு, அந்த நூலின் வரிசையில் இணைப்பை மட்டும் ஒட்டிவிடுங்கள். செலவே இல்லாமல் உங்கள் நூலகம் பெரிதாகும்.


நாவல்_வாசகர்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நூலகர்களின் உரையாடலில் ஒரு வாசகனின் கவலையையும் பதிவு செய்ய விரும்புகிறேன். நூற்பட்டியலை எல்லாரும் பார்க்கட்டும். அதே விரிதாளின் அடுத்த தாளில் உறுப்பினர் பெயர், தொலைபேசி எண், யார் எந்த நூலை எடுத்தார் என்ற விவரம் ஆகியவற்றை வைத்துக்கொண்டு, 'இணைப்பு உள்ள அனைவரும் காணலாம்' என்று திறந்துவிட வேண்டாம். நான் உறுப்பினராக உள்ள ஓர் இடத்தில் அப்படித்தான் நடந்தது. மனநோய் பற்றியோ மணமுறிவுச் சட்டம் பற்றியோ ஒருவர் எடுத்துப் படிக்கும் நூல் ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. பெண் வாசகர்களின் எண்கள் வாட்ஸாப் குழுவில் எல்லாருக்கும் தெரிவதும் இதே வகைதான். குழுவுக்குப் பதில் ஒளிபரப்புப் பட்டியலைப் பயன்படுத்தினால் ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது. ஒரு பட்டியலில் 256 பேரைச் சேர்க்கலாம். ஆனால் நூலகத்தின் எண்ணைத் தம் அலைபேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும்.


கல்லூரி_நூலகம்

முற்றிலும் சரி. 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் இனி நாம் மனத்தில் கொள்ள வேண்டும். கோஹாவில், நூல் திரும்பியதும் எடுத்தவர் பெயரை இரவல் வரலாற்றிலிருந்து நீக்கும் அமைப்பு உண்டு. விரிதாளில் அப்படி ஒன்று இல்லை. எனவே பொதுப் பட்டியலில் 'உள்ளது', 'இரவலில்' என்ற நிலையை மட்டும் காட்டுங்கள். யாரிடம் இருக்கிறது என்பது உங்கள் மேசையில் உள்ள ஏட்டிலேயே இருக்கட்டும்.

பயிற்சி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2006இல் அமெரிக்காவின் ஷார்லட் மெக்லன்பர்க் பொது நூலகத்தில் ஹெலன் புளோவர்ஸ் என்பவர் ஊழியர்களுக்காக '23 செயல்கள்' என்ற இணையவழிப் பயிற்சியை அமைத்தார். வலைப்பூ தொடங்குவது, படம் ஏற்றுவது, விக்கியில் எழுதுவது என ஒவ்வொன்றையும் ஊழியர் தாமே செய்து பார்த்துத் தம் வலைப்பூவில் குறிப்பெழுத வேண்டும். முடித்தவர்களுக்குப் பாட்டுக் கேட்கும் எம்பி3 கருவி ஒன்று பரிசு. பல நாட்டு நூலகங்கள் அதைப் பின்பற்றின. அன்று அதில் இடம்பெற்ற தளங்களில் சில இன்று இல்லை. ஆனால் கற்பவரின் கை விசைப்பலகையில் இருந்தது. நம் பயிற்சிகளில் கற்பவர் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.


கிளை_நூலகர்

எல்லாருக்கும் மிக்க நன்றி. போட்டித் தேர்வு அடுக்கிலிருந்து தொடங்கிவிட்டேன். அடிக்கடி கேட்கப்படுபவை அவைதாம், எண்ணிக்கையும் குறைவு. வாசகர் வட்டத்தைச் சேர்ந்த கல்லூரி மாணவி ஒருவர் மாலையில் வந்து பதிவேட்டை வாசிக்கிறார், நான் தட்டச்சு செய்கிறேன். குமரி நண்பர் சொன்ன மூன்று சொற்களை எங்கள் விரிதாளில் அடுக்கிப் பார்த்தேன், சரியாகவே வந்தன.

இப்போது ஓர் ஐயம். ஒரே வழிகாட்டி நூலில் எங்களிடம் எட்டுப் பிரதிகள் உள்ளன. புரவலர் ஒருவர் மொத்தமாக வாங்கிக் கொடுத்தவை. அவற்றை ஒரே வரிசையில் எழுதி 'பிரதிகள்: 8' என்று போட்டுவிடலாமா?


ஓய்வு_நூலகர்

கூடாது அம்மா. எட்டுக்கும் எட்டுச் சேர்க்கை எண்கள் இருக்கும் அல்லவா? எட்டு வரிசைகளாகவே எழுதுங்கள். அவற்றில் ஒன்று தொலைந்தால், ஒன்று கிழிந்து நீக்கப்பட்டால், இருப்புச் சரிபார்ப்பின்போது எது என்று சொல்ல வேண்டியிருக்கும். முதல் வரிசையை எழுதி நகலெடுத்துச் சேர்க்கை எண்ணை மட்டும் மாற்றினால் போதும்.


கல்லூரி_நூலகம்

ஐயா சொன்னதோடு, 'தலைப்பு எண்' என்று இன்னொரு நெடுவரிசையைச் சேர்த்து எட்டு வரிசைகளுக்கும் ஒரே எண்ணைக் கொடுங்கள். கோஹாவில் நூற்பதிவு ஒன்றாகவும் அதன் கீழ்ப் பிரதிகள் எட்டாகவும் இருக்கும். மார்க்எடிட் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு உங்கள் தாளை மார்க் வடிவத்துக்கு மாற்றும்போது, எவை ஒரே நூற்பதிவைச் சேர்ந்தவை என்று கண்டுபிடித்து இணைக்க அந்த எண் உதவும். தலைப்பும் ஆசிரியரும் ஒன்றாக இருந்தாலும் பதிப்பு மாறியிருந்தால் புதிய தலைப்பு எண் கொடுங்கள். தேர்வு நூல்களில் பாடத்திட்டம் மாறும்போது பழைய பதிப்பை எடுத்துச் சென்ற மாணவர் உங்களிடம்தான் வந்து கேட்பார்.


கிளை_நூலகர்

புரிந்தது. பதிப்பாண்டு பதிவேட்டில் பல இடங்களில் விடுபட்டிருக்கிறது. அந்த நூல்களை மட்டும் அடுக்கிலிருந்து எடுத்துப் பார்த்து நிரப்புகிறேன். முதல் அடுக்கு முடிந்ததும் கோப்பின் மாதிரியை இங்கே இடுகிறேன். உறுப்பினர் தாள் அதில் இருக்காது.